அவிழ்த்துவிடுதல் அறமாகுமா?

(கலப்பின வளர்ப்பு முயல்களின் புகலிடம் குறித்து)

கனகராயன் ஆற்றின் நீரை மறித்து, 1902 ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்று 1920 ஆம் ஆண்டளவில் நிறைவெய்திய இரணைமடுக் குளம், வன்னிப் பெருநிலப்பரப்பின் நீர்நிலைகளுள் தலையாயது. அதன் கட்டின் கீழே கிளிநொச்சியின் வயல்கள் விரிகின்றன. மேலே, நீரேந்து பரப்பைச் சூழ்ந்து, பாலையும் வீரையும் முதிரையும் நிற்கும் உலர்வலயக் காடு தொடங்குகின்றது. ஊருக்கும் காட்டுக்கும் இடையே ஒரு குளக்கட்டே எல்லை. இத்தகைய நிலத்தில், வளர்க்க இயலாமற்போன பிராணியைப் பற்றிய தீர்ப்பு ஒன்று மிக எளிதாக நாவில் வருகின்றது: "காட்டுப் பக்கம் கொண்டுபோய் அவிழ்த்துவிடு, அது பிழைத்துக்கொள்ளும்."

இத்தீர்ப்புக்கு ஆளாகும் பிராணிகளுள் வளர்ப்பு முயலும் ஒன்று. நாய்க்கும் பூனைக்கும் பரிந்து பேச எவரேனும் உளர், மாட்டுக்கு விலையுண்டு, ஆட்டுக்குச் சந்தையுண்டு. தாய் ஒரு நிறமும் தந்தை வேறொரு நிறமுமாய்ப் பிறந்து, எந்த இனப்பெயருக்குள்ளும் அடங்காத கலப்பின முயலுக்கோ இவற்றுள் எதுவும் இல்லை. பிள்ளை அழுததற்காக அது சோடியாக வாங்கப்படுகின்றது. அதன் சூற்காலம் ஏறத்தாழ 31 நாட்கள் மாத்திரமே. ஈன்ற அன்றே மீண்டும் சினைப்படும் இயல்பும் அதற்கு உண்டு. ஈற்றொன்றுக்கு ஐந்தாறு குட்டிகள் பிறப்பது சாதாரணம். அக்குட்டிகளும் அரை ஆண்டுக்குள் பருவமடைகின்றன. ஓராண்டு திரும்புமுன் கூடு நிறைந்துவிடுகின்றது. பிள்ளைக்கு ஆசை தீர்கின்றது. தந்தைக்குப் பொறுமை தீர்கின்றது. தாய்க்குக் கூடு கழுவும் வேலை மட்டும் தீர்வதில்லை. அப்பொழுதுதான் காட்டைப் பற்றிய நினைவு வீட்டாருக்கு எழுகின்றது.

இங்ஙனம் அவிழ்த்துவிடுவோர் கொடியவர் அல்லர். பெரும்பாலும் அவர்கள் இளகிய நெஞ்சினர். கொல்ல மனம் ஒப்பாதவர். எனவேதான் அவர்களுடைய வாதங்கள் ஆராயப்படவேண்டியவை. அவை மூன்று. முயல் காட்டு விலங்கு, ஆகவே காட்டிலே தன் இனத்தோடு சேர்ந்துவிடும் என்பது ஒன்று. கலப்பின முயலை எவரும் விரும்பிக் கேட்பதில்லை, ஆகவே அதற்குப் புதிய வீடு தேடுதல் முயற்கொம்பு தேடுதலே என்பது மற்றொன்று. மனிதருக்கே வீடில்லாதிருந்த மண்ணிலே முயலுக்கு வீடு தேடுவது பொருந்தாத ஆடம்பரம் என்பது மூன்றாவது. இம்மூன்றும் பிழை. இவற்றுள் மூன்றாவது பிழை மட்டுமன்று. வன்னி மண்ணின் அனுபவத்துக்கே முரணானது.

பெயர் ஒன்று, விலங்கு இரண்டு

முதலாவது வாதம் ஒரு சொல்லின் மயக்கத்திற் பிறந்தது. தமிழில் 'முயல்' என்னும் ஒரே சொல் இருவேறு விலங்குகளைச் சுட்டி நிற்கின்றது. முல்லைநிலத்துப் பாடல்களில் வருவதும், வள்ளுவர் படைச்செருக்கிலே எடுத்துக்காட்டியதும், இரணைமடுவின் பற்றைகளுக்கிடையே அந்திவேளையில் மேய்வதும் இந்நாட்டுக் காட்டுமுயல். விலங்கியலார் அதனை இலேப்பசு நிக்ரிகோலிசு என வழங்குவர். கூட்டிலே வளர்வதோ ஒறிக்ரோலகசு கியூனிக்குலசு எனப்படும் ஐரோப்பிய முயலின் வழித்தோன்றல். அதன் முன்னோரின் தாயகம் ஐபீரியக் குடாநாடும் பிரான்சின் தென்மேற்குப் பகுதியுமாகும். முன்னையதன் நிறமூர்த்தங்கள் 48. பின்னையதன் நிறமூர்த்தங்கள் 44. இரண்டும் ஒன்றோடொன்று கலந்து இனம்பெருக்குவதில்லை.

வாழ்முறையிலும் இவை வேறுபட்டன. காட்டுமுயற் குட்டி உடலெங்கும் மயிரோடும் திறந்த கண்களோடும் வெளிநிலத்திலே பிறக்கின்றது. பிறந்த சிறிது பொழுதிலேயே அசைந்து திரியவல்லது. வளர்ப்பு முயலின் குட்டி மயிரின்றி, குருடாய், தாய் தன் மார்பு மயிரைப் பிடுங்கி அமைத்த மெத்தையிலே பிறக்கின்றது. ஆபத்து வருங்கால் முன்னையது ஓடித் தப்பும். பின்னையது வளைக்குள் ஒளிந்து தப்பும். கூட்டிலே பிறந்து கூட்டிலே வளர்ந்ததற்கு ஓடப் போதிய காலும் இல்லை, ஒளிய வளையும் இல்லை. எனவே, வளர்ப்பு முயலை இரணைமடுக் காட்டிலே விட்டு, அதனைத் தன் இனத்தோடு சேர்த்ததாக மகிழ்வது, ஆட்டுக்குட்டியை மான்கூட்டத்தில் விட்டு உறவினரிடம் ஒப்படைத்ததாக மகிழ்வதற்கு ஒப்பானது.

அங்கே அதற்கு நேர்வது யாது? நரியும் கீரியும் மலைப்பாம்பும் பருந்தும் உள்ள காடு அது. கட்டாக்காலி நாய்களும் அங்கு உள. வெள்ளை நிறமோ வெள்ளையும் கறுப்பும் கலந்த நிறமோ கொண்ட உடல், காய்ந்த புற்றரையிலே தன்னைத் தானே காட்டிக்கொடுக்கின்றது. பகைவிலங்கு தப்பவிட்டாலும் வெப்பம் தப்பவிடுவதில்லை. முயலுக்கு வியர்த்து உடலைத் தணித்துக்கொள்ளும் ஆற்றல் இல்லை; காதுகளின் வழியேதான் அது பெரும்பாலும் வெப்பத்தை வெளியேற்றுகின்றது. வெப்பநிலை 30 பாகை செல்சியசைத் தாண்டும்பொழுதே அது தளரத் தொடங்கும். கிளிநொச்சியின் கோடைப் பகலில் அவ்வெல்லை சாதாரணமாகவே மீறப்படுகின்றது. மாரியிலோ நிலம் நீரூறிக் கிடக்கும். மேலும், முயலின் குடல் இடைவிடாது இயங்கவேண்டியது. ஒரு நாள் முழுதும் உணவின்றிக் கிடந்தாலே அதன் உயிருக்கு ஆபத்து. பழகிய தீவனம் திடீரென மாறினாலும் ஆபத்து. ஆகவே, கொல்ல மனமின்றி அவிழ்த்துவிடுபவர் உண்மையிற் கொல்லும் வேலையைத் தாம் காணாத இடத்திலே பிறரிடம் ஒப்படைக்கின்றார்.

"சில பிழைத்துக்கொள்ளக் கூடுமே" என்பார் உளர். பிழைத்துக்கொண்டால் நேர்வதனையும் வரலாறு காட்டுகின்றது. 1788 ஆம் ஆண்டின் முதற் குடியேற்றக் கப்பல்களோடு அவுஸ்திரேலியாவுக்கு முயல்கள் கொண்டுசெல்லப்பட்டன. அவை பெருகிப் பரவவில்லை. 1859 ஆம் ஆண்டிலே தோமஸ் ஒஸ்ரின் என்னும் நிலக்கிழார், விக்ரோறியா மாநிலத்திலே தம் பண்ணையில் வேட்டைக்காக இங்கிலாந்திலிருந்து முயல்களை வருவித்தார். காட்டுமரபுக் கலப்புடைய அம்முயல்களே கண்டமெங்கும் பரவின என்பதனை 2022 இல் வெளிவந்த மரபணு ஆய்வு உறுதிப்படுத்தியது. மேற்கு அவுஸ்திரேலியா 1907 ஆம் ஆண்டளவில் 1,800 கிலோமீற்றருக்கு மேல் நீண்ட வேலியை அமைத்தும் அவை அடங்கவில்லை. 1950 இல் நோய்க் கிருமியையே அவற்றின்மீது ஏவவேண்டியதாயிற்று. எனவே முடிவு இரண்டில் ஒன்று: பெரும்பாலும் முயல் சாகும், அன்றி அது வாழ்ந்தால், அது வாழும் மண் துன்புறும். அவிழ்த்துவிடுவோன் எண்ணும் மூன்றாவது முடிவு, அதாவது முயலும் மகிழ்ந்து காடும் மகிழும் முடிவு, கற்பனையே.

வட இலங்கையிலேயே இதற்கு அண்மையான சான்று ஒன்றுண்டு. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆண்ட காலத்திலே நெடுந்தீவில் வளர்க்கப்பெற்ற குதிரைகள், ஆள்வோர் மாறியபின் உரிமையாளரின்றி நின்றன. அவற்றின் வழிவந்தவை அத்தீவின் வெளிகளிலே கூட்டங்கூட்டமாக மேய்வதனைக் காணச் செல்வோர் அதனை அழகு என்பர். வறட்சிக் காலத்திலே நீர்தேடி அலைந்து மடியும் குதிரைகளைக் கண்டோர் அவ்வாறு சொல்லார். 'பிழைத்துக்கொண்டன' என்னும் சொல் எத்துணைத் துயரை மறைக்கவல்லது என்பதற்கு நெடுந்தீவே சாட்சி.

மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனின் செயலைக் கொடைமடம் என்று பழந்தமிழ்ப் புலவர் போற்றினர். மயிலுக்குப் போர்வை வேண்டுமோ என்று அவன் ஆராயவில்லை என்பது அதன் பொருள். முயலை அவிழ்த்துவிடும் செயலையும் அவ்வகை இரக்கமாகவே கருதுவோர் உளர். எனினும் ஒரு வேறுபாடு மனங்கொள்ளத்தக்கது. பேகனின் மடமையால் மயில் எதனையும் இழக்கவில்லை, இழந்தவன் பேகனே. இங்கோ கொடுப்பவர் இழப்பது எதுவுமில்லை; இழப்பது முயல், அதுவும் தன் உயிரை. ஆதலின் இதனைக் கொடைமடம் என்றல் பொருந்தாது. கொடையை நீக்கி எஞ்சுவது எதுவோ அதுவே இதற்குப் பெயர்.

"சாதி" முயல் என்னும் மயக்கம்

இரண்டாவது வாதத்துக்கு வருவோம். கலப்பின முயலுக்கு மதிப்பில்லை என்பது அவ்வாதத்தின் அடிப்படை. தமிழ்ப் பேச்சுவழக்கிலே 'நல்ல சாதி நாய்', 'சாதி மாடு' என்னும் தொடர்கள் இயல்பாக வழங்குகின்றன. விலங்கின் தகுதியை அதன் பிறப்பிலே காணும் இவ்வழக்கு எங்கிருந்து வந்தது என்பதனை விளக்கவேண்டியதில்லை. மனிதரைப் பிறப்பால் தரம்பிரித்த சமூகம் அத்தராசினையே தொழுவத்துக்கும் கூட்டுக்கும் எடுத்துச் சென்றுள்ளது. மேடையிலே அத்தராசைக் கண்டிப்போரும் முயல் வாங்கச் செல்லுமிடத்து "இது அசலா, கலப்பா?" என்றே முதலிற் கேட்கின்றனர்.

அசல் எனப்படுவது யாது? உலகெங்கும் பண்ணைகளிலே பெயர்பெற்ற 'நியூசிலாந்து வெள்ளை' என்னும் முயலினம் நியூசிலாந்திலே தோன்றியதன்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்காவிலே பல இனங்களைக் கலந்து உருவாக்கப்பட்டது. 'கலிபோர்னியன்' என்னும் இனமும் அவ்வாறே. 1920களில் ஜோர்ஜ் வெஸ்ற் என்பவர் இமாலயன், சிஞ்சில்லா ஆகிய முயல்களைக் கலந்து, பின்னர் நியூசிலாந்து வெள்ளையோடும் கலந்து அதனை ஆக்கினார். கொடைக்கானல் மலையிலுள்ள மன்னவனூர் ஆராய்ச்சி நிலையத்திலே வளர்க்கப்படும் 'சோவியத் சிஞ்சில்லா'வின் பெயரிலேயே, பிறநாட்டு இனமொன்று சோவியத் மண்ணிலே மாற்றியமைக்கப்பட்ட கதை அடங்கியுள்ளது. எனவே இன்று தூய இனம் எனப்படுவது நேற்றைய கலப்பினமே. நேற்றுக் கலந்தவனிடம் பதிவேடு இருந்தது. இன்று கலந்த வீட்டாரிடம் அது இல்லை. வேறுபாடு அவ்வளவுதான்.

முயலின் உடலிலோ குணத்திலோ இப்பதிவேடு எழுதப்படவில்லை. கலப்பின முயலும் எட்டுப் பத்து ஆண்டுகள் வாழவல்லது. தன்னைப் பேணுவோரை அறியவல்லது. அச்சம் தீர்ந்தபின் மடியிலே கண்ணயரவல்லது. மிக நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம்பெருக்கப்பட்ட முயல்களிற் காணப்படும் குறைகள், வேறுபட்ட பெற்றோருக்குப் பிறந்தவற்றிற் பொதுவாகக் குறைவாயிருத்தல் வளர்ப்போர் அறிந்ததே. விற்பனைக்காக வளர்ப்போருக்கு இனப்பெயர் வேண்டியிருக்கலாம். வீட்டிலே ஓர் உயிரைப் பேண விரும்பும் குடும்பத்துக்கு அது எதற்கு? தான் பிடித்த முயலுக்கு மூன்றுகால் என்று சாதிப்பவனைப் பழமொழி நகையாடுகின்றது. நான்கு காலும் நன்றாக உள்ள முயலை, அதன் பெற்றோர் யாரென்று தெரியாமையால் பயனற்றதெனச் சாதிப்பவனுக்கு இன்னும் பழமொழி தோன்றவில்லை.

இரணைமடு என்னும் பெயரே இருவேறு மடுக்கள் இணைந்தமையால் வந்தது என்பர். அக்குளத்தின் நீரை உண்டு வளரும் வயல்களுக்கு எந்த மடுவின் நீர் தூயது என்னும் வினா எழுந்ததில்லை. குளத்தின் கீழே அமைந்த குடியேற்றங்களிலும் பல ஊர்களிலிருந்தும் வந்தோர் கலந்தே வாழ்கின்றனர். கலப்பினாலே உருவான ஊர், ஒரு முயலின் கலப்பைக் குறையாகக் காண்பது விந்தையே.

"மனிதருக்கே வீடில்லை"

மூன்றாவது வாதம் கனமானது. அதனை இலேசாகத் தள்ளிவிடல் தகாது. 2008 ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே கிளிநொச்சி மாவட்டத்தின் மக்கள் வீடுகளைவிட்டுப் புறப்பட்டனர். பலர் ஒரு முறையன்று, பன்முறை இடம்பெயர்ந்தனர். 2009 இல் எஞ்சியோர் செட்டிகுளத்து முகாம்களை அடைந்தனர். அம்முகாம்கள் 2012 ஆம் ஆண்டு செப்ரெம்பரிலேதான் மூடப்பட்டன. மீளக் குடியமர்ந்தோரிற் பலர் கூரையற்ற சுவர்களையும், சிலர் சுவருமற்ற அத்திவாரங்களையுமே கண்டனர். 2018 ஆம் ஆண்டு டிசெம்பரிலே பெருமழையால் இரணைமடு நிரம்பி வான்பாய்ந்தபொழுது, தாழ்நிலத்துக் குடும்பங்கள் மீண்டும் பொது மண்டபங்களிலே தங்கின. இத்தகைய மக்களிடம் சென்று முயலுக்குப் புதிய வீடு தேடுமாறு சொல்வது அவர்களைப் பரிகசிப்பதாகாதா என்று கேட்கப்படுகின்றது.

இவ்வினாவைக் கேட்போர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். இடம்பெயர்வின் நினைவுகளை வன்னி மக்கள் சொல்லுமிடத்து, வீட்டையும் வயலையும் சொல்லும் அதே மூச்சிலே தாம் விட்டுவந்த விலங்குகளையும் சொல்கின்றனர். மாட்டின் கயிற்றை அவிழ்த்துவிட்டுப் புறப்பட்டமை அந்நினைவுகளுள் ஒன்று. கட்டிலே கிடந்து பட்டினியாற் சாகாமல் எங்கேனும் மேய்ந்து வாழட்டும் என்று அவிழ்த்தனர். உரிமையாளரற்ற மாடுகள் காடெங்கும் திரிந்தன. நாய்கள் ஆளற்ற முற்றங்களிலே கிடந்தன. பின்னர் மீண்டு வந்தோருள், குறிசுட்ட அடையாளத்தைக் கொண்டு தம் மாடுகளைத் தேடி அலைந்தோர் உளர். தமக்கு வீடில்லாத நிலையிலும் அவர்கள் தேடினர். மனிதத் துயரும் விலங்கின் துயரும் ஒன்றையொன்று விலக்குவன என்று அம்மக்கள் கருதியதில்லை. அவ்வாறு கருதுவது, அத்துயரைத் தொலைவிலிருந்து நோக்குவோரின் கணக்கு.

அன்று அவிழ்த்துவிட்டமைக்கும் இன்று அவிழ்த்துவிடுவதற்கும் இடையிலுள்ள வேறுபாடும் இங்கே தெளிவாகின்றது. அன்று வேறு வழியில்லை, அது கையறுநிலை. அவிழ்த்த கை நடுங்கியது. அந்நடுக்கம் இன்னும் நினைவில் உள்ளது. இன்று அயலவர் உளர், பாடசாலை உண்டு, பேருந்து உண்டு, கேட்டுப்பார்க்கப் பொழுதுண்டு. இவையனைத்தும் இருக்க, குளக்கட்டைத் தாண்டிச் சாக்கை அவிழ்ப்பது கைகழுவுதல். அன்றைய துயரச் செயலின் பெயரை இன்றைய சோம்பலுக்குச் சூட்டுவது அத்துயரையே அவமதிப்பதாகும். தன் வீட்டிலிருந்து தன் விருப்பின்றி வெளியேற்றப்படுதல் எத்தகையது என்பதனை நூலிற் படித்து அறியவேண்டியவர்கள் பிற ஊர்களில் இருக்கலாம். வன்னியிலே அவ்வறியாமையை எவரும் காரணமாகச் சொல்ல இயலாது.

மனிதரை முதலிற் கவனித்துவிட்டு விலங்கைக் கவனிப்போம் என்போருக்கு இதே மாவட்டத்திலேயே விடையுண்டு. சிறப்புத் தேவையுடைய பிள்ளைகளுக்குப் பாடசாலையும் முதியோருக்கு இல்லமும் அமைத்த சிவபூமி அறக்கட்டளையே, இயக்கச்சியில் அநாதரவான நாய்களுக்குச் சரணாலயத்தையும் நிறுவியது. பிள்ளைகளுக்கும் முதியோருக்கும் செய்தமையால் நாய்களுக்குச் செய்ய மனம் எஞ்சவில்லை என்று அங்கே எவரும் சொல்லவில்லை. இரக்கம் பங்கீட்டு அட்டைக்கு அளந்து வழங்கப்படும் அரிசியன்று. ஒருவருக்கு அளந்தமையால் மற்றவருக்குக் குறைவதில்லை. பயிற்சியால் வளர்வது அது. முயலுக்குச் செய்ய முன்வராதவர் அதனால் மிச்சம்பிடித்த இரக்கத்தை மனிதருக்குச் செலவிட்டதாகவும் காணோம்.

புதிய வீடு தேடும் முறை

இவ்விடத்து, புகலிடம் தேடுதல் என்பது உண்மையில் யாது என்பதனை வரையறுத்தல் வேண்டும். முயலை எவர் கையிலேனும் திணித்துவிட்டு வீடு திரும்புதல் புகலிடம் தேடுதல் ஆகாது. அது குளக்கட்டை வேறோர் இடத்துக்கு மாற்றியதேயாகும்.

முதலாவது கடமை பெருக்கத்தை நிறுத்துதல். ஆணையும் பெண்ணையும் வேறுபிரிக்காமல் குட்டிகளுக்கு வீடு தேடுவது, ஓட்டைக் குடத்திலே நீர் மொள்வதற்கு நிகர். இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. நடுவே ஒரு பலகையும் சிறிது கம்பிவலையும் போதும். கருத்தடைச் சிகிச்சை கிடைக்குமிடத்து அதனைச் செய்வித்தல் மேலும் நன்று. குட்டிகளின் பால் அறிந்து பிரித்தபின்னரே கொடுத்தல் வேண்டும். இரண்டும் பெண் என்று சொல்லிக் கொடுக்கப்பட்ட சோடி, மூன்று மாதத்திலே புதிய வீட்டையும் பழைய வீடாக்கிவிடும்.

இரண்டாவது கடமை உண்மை சொல்லுதல். முயலின் வயது, நோய், பழக்கம், அது உண்ணும் புல்லும் கீரையும், அஞ்சும் பொருள்கள் ஆகியவற்றைப் பெறுவோருக்குச் சொல்லல் வேண்டும். பழகிய தீவனத்தைச் சில நாட்களுக்கேனும் கூடவே கொடுத்தனுப்புதல் வேண்டும். புதியது சிறிது சிறிதாகவே கலக்கப்படல் வேண்டும். முயலின் பற்கள் ஆயுள் முழுதும் வளர்வன, ஆதலின் அதற்குப் புல்லும் வைக்கோலும் எந்நேரமும் வேண்டும். காதைப் பிடித்துத் தூக்கலாகாது. தூக்குங்கால் பின்னுடலைத் தாங்காவிடின், உதறும் வேகத்திலே அதன் முதுகெலும்பே முறியக்கூடும். கோடையில் நிழலும் ஈரச்சாக்கும் வேண்டும். இவற்றைச் சொல்லக் கால் மணிநேரம் போதும். அக்கால் மணிநேரத்தைச் செலவிட மறுத்தமையாலே இறந்த முயல்கள் பல.

மூன்றாவது கடமை கேட்டறிதல். பெறுவோர் எதற்காகப் பெறுகின்றனர் என்பதனைக் கேட்டல் வேண்டும். முயலிறைச்சி உண்போர் உளர். இறைச்சிக்கெனவே வளர்ப்போரும் உளர். அவர்களோடு இக்கட்டுரைக்கு வழக்கில்லை. அவர்கள் தாம் செய்வதனை மறைப்பதில்லை. வழக்கு, பிள்ளை பெயரிட்டு அழைத்த முயலைச் சட்டிக்குப் போகுமென்று அறிந்தே கொடுத்துவிட்டு, பிள்ளையிடம் "நல்ல வீட்டுக்குப் போயிற்று" என்று சொல்வோரோடுதான். அப்பிள்ளை ஒருநாள் உண்மையை அறியும். அன்று அது கற்றுக்கொள்வது முயலைப் பற்றி அன்று. பெற்றோரின் சொல்லைப் பற்றி.

நான்காவது கடமை, திரும்பப் பெறும் வாயிலைத் திறந்து வைத்தல். புதிய வீடு பொருந்தாவிடின் முயல் முதல் வீட்டுக்கே மீளலாம் என்னும் உறுதியை அளிப்பவரே உண்மையில் வீடு தேடியவராவார். அமெரிக்காவின் கலிபோர்னியாவிலே 1988 இல் தொடங்கப்பெற்ற வீட்டுமுயற் சங்கம், கைவிடப்பட்ட முயல்களை ஏற்று, கருத்தடை செய்து, தகுந்த குடும்பங்களுக்கு அளிப்பதனை ஒரு பணியாகவே வளர்த்தெடுத்தது. ஈஸ்ரர் திருநாளுக்குப் பிள்ளைகளுக்குப் பரிசாக வாங்கப்பட்டுப் பின் கைவிடப்படும் முயல்களை அது கண்டது. திருநாளின் பெயர் மாறலாம்; பிள்ளையின் ஆசையும் அதன் குறுகிய ஆயுளும் எங்கும் ஒன்றே.

சட்டம் இக்கடமைகளைச் செய்விக்கும் என எதிர்பார்த்தல் வீண். விலங்குக் கொடுமையைத் தடுக்க இந்நாட்டிலே இயற்றப்பெற்றது 1907 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அதன் உச்சத் தண்டப்பணம் நூறு ரூபாவாகவே தலைமுறைகள் கடந்து நின்றது. சட்டம் உறங்கும் இடத்திலே சமூகத்தின் நாணமே காவல்.

கற்றோரின் பங்கு

இது கற்றோருக்கு ஏற்ற பொருளன்று என்று பல்கலைக்கழகத்தார் கருதுவராயின், கனடாவின் பிரித்தானிய கொலம்பியாவிலுள்ள விக்ரோறியாப் பல்கலைக்கழகத்தை நோக்குவாராக. அயலவரும் மாணவரும் கைவிட்ட வளர்ப்பு முயல்கள் அவ்வளாகத்தின் புற்றரைகளிலே பெருகின. ஆரம்பத்திலே அவை வளாகத்தின் அழகாகக் கருதப்பட்டன. 2010 ஆம் ஆண்டளவில் அவற்றின் தொகை ஏறத்தாழ 1,500 என மதிப்பிடப்பட்டது. புற்றரை குழிகளாயிற்று, நிருவாகம் ஒரு தொகுதியைக் கொன்றது, எதிர்ப்பும் வழக்கும் எழுந்தன. முடிவிலே நூற்றுக்கணக்கான முயல்கள் பிடிக்கப்பட்டுக் கருத்தடை செய்யப்பெற்றுச் சரணாலயங்களுக்கு அனுப்பப்பட்டன. அவற்றுட் சில ரெக்சாஸ் வரை சென்றன. முதன்முதலிற் கைவிட்டவர் ஒவ்வொருவரும் அயல்வீட்டிலே ஒரு முறை கேட்டிருந்தாற் போதும். ஒரு பல்கலைக்கழகம் நீதிமன்றம் சென்றிராது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரிலே, இரணைமடுவுக்கு அண்மையிலேயே அமைந்துள்ளது. விலங்கு விஞ்ஞானம் அங்கே கற்பிக்கப்படுகின்றது. கற்பிக்கப்படும் அறிவு வேலிக்கு வெளியே ஒரு கல் தொலைவும் செல்லாதாயின் அவ்வறிவு யாருக்காக? ஊரின் சனசமூக நிலையத்திலே ஒரு பதிவேட்டை வைத்தல், கொடுக்க விரும்புவோரையும் பெற விரும்புவோரையும் அதிலே சேர்த்தல், மாதத்தில் ஒரு நாள் ஆண் பெண் வேறுபாட்டை அறியும் முறையையும் காதுச் சொறியை இனங்காணும் முறையையும் கூடமைக்கும் முறையையும் கிராமத்துப் பிள்ளைகளுக்குக் காட்டுதல் ஆகியன பெருநிதி வேண்டும் திட்டங்களல்ல. ஒரு குறிப்பேடும் நான்கு மாணவரும் போதும். உயிர்களிடத்து அன்பு பற்றிச் சொற்பொழிவாற்றும் தமிழ்ச் சங்கங்களும் இதிலே பங்குகொள்ளலாம். பாரியின் தேரையும் பேகனின் போர்வையையும் மேடைதோறும் போற்றுவோர், ஒரு முயலுக்கு ஒரு கூடு தேடிக் கொடுத்தபின் அவ்வள்ளல்களைப் போற்றின் அப்போற்றுதலுக்கு ஒரு தகுதி சேரும்.

"ஒரு முயலுக்காகவா இத்துணை?" என்று இறுதியாகக் கேட்கப்படலாம். ஆம், ஒரு முயலுக்காகத்தான். அதற்குப் பதிவேடில்லை, விலையில்லை, பரிந்து பேச ஒருவரும் இல்லை. அதன் தாய்தந்தையரைச் சேர்த்துவைத்தது காடன்று. மனிதர் செய்த கூடு. அது பிறந்ததற்குக் காரணமானவர், அது வாழ்வதற்கும் ஓர் இடம் காணக் கடமைப்பட்டவர். எதுவும் செய்ய இயலாத காலத்திலும் மாட்டைக் கட்டிலே சாகவிடாமல் கயிற்றை அவிழ்த்த மக்களின் ஊர் இது. செய்யக்கூடியது இருக்கும் காலத்திலே, அவ்வூரார் ஒரு கூட்டைத் திறக்குமுன் அயல்வீட்டுப் படலையை ஒருமுறை தட்டுவாராக.